கருவங்காட்டைப் படிக்க வரும் மருமகளுக்கு

முதுகுளத்தூர் வட்டம்,
புரட்டாசி மாதம்.

அன்பு மருமகளுக்கு,

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அண்ணன் போனில் கேட்டால் எப்போதும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்கிறது. நீ உள்ளதை எழுது.

உன் ஆய்வைப் பற்றி நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். எழுத்தில் இருந்தால் உன்னோடு சேர்ந்து வேலை செய்யும் பிள்ளைகளும் படிப்பார்கள், வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம் என்று கடிதமாக எழுதுகிறேன். "மனிதனும் சுற்றுச்சூழலும்" என்று உங்கள் துறையில் கொடுத்த தலைப்புக்கு நீ நம் ஊர்க் கண்மாயையும் அதற்குள் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவையையும் எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். மதுரையில் படிக்கிற பிள்ளை படிப்பை ஊருக்குக் கொண்டுவருகிறது. ஊரும் அதற்குப் பதில் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய முன்வரைவைப் படித்தேன். முதல் பக்கத்திலேயே, நிலத்தடி நீரை உறிஞ்சி, காற்றில் இருக்கும் ஈரத்தையும் குடித்து, ராமநாதபுரம் மாவட்டத்தை வறட்சியாக்கிய மரம் என்று எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று முடித்திருக்கிறாய். நடுவில் உள்ள பக்கங்கள் இனிமேல்தான் எழுத வேண்டும். முடிவை முதலிலேயே எழுதிவிட்டால் நடுவில் வருவதெல்லாம் அதற்குச் சாட்சி சேர்க்கிற வேலையாகிவிடும், தாயி. அந்த இரண்டு பக்கத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் நோட்டோடு வா. இந்த மரத்தைப் பற்றி எழுதுகிறபோது நம் ஊர் மக்களின் பிழைப்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

முதலில் மரம் வந்த கதை. இதன் பிறப்பிடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. இந்தியாவுக்கு 1870களில் வந்தது. வறண்ட நிலத்தில் எதுவும் நிற்காத இடத்தில் இது நின்றது. விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும், மண் அரிக்காமல் பிடித்துக்கொள்ளும் என்று வெள்ளைக்காரர் காலத்திலும் பரப்பினார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் பரப்பினார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்று பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே 1960களின் தொடக்கத்தில் ரண் உப்புநிலம் உள்ளே பரவாமல் தடுக்க வனத்துறையே இதை நட்டது. இன்று அந்தப் புல்வெளியின் பெரும்பகுதியை இது மூடிவிட்டது. மாடு மேய்க்கும் மால்தாரி மக்களுக்கு மேய்ச்சல் போயிற்று. அதே மக்களில் பலர் இதே மரத்தில் கரி சுட்டும் பிழைக்கிறார்கள். ஆகவே நம் ஊரில் நீ பார்க்கப் போவது நம் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. வேண்டும் என்றே கொண்டுவரப்பட்ட மரம் இது. கொண்டுவந்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. அதை உன் அறிக்கையில் மறைக்காதே.

அடுத்து, நம் ஊரில் இது எப்படிக் காடாயிற்று என்று கேட்க வேண்டும். விதை விழுந்தால் மட்டும் காடாகாது. நான் சிறுமியாக இருந்தபோதும் கருவை இருந்தது, வேலியோரம் இருந்தது. கண்மாய்க்குள் வரவில்லை. வந்தால் விறகுக்கு வெட்டிப் போய்விடுவார்கள். அடுப்பு எரிக்க ஆள் இருந்தது, கரையைப் பார்க்க ஆள் இருந்தது. மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் முறை வைக்க நீர்பாய்ச்சி இருந்தார். அறுவடையில் அவருக்குப் பங்கு நெல் கொடுத்தார்கள். கோடையில் ஊர் கூடி வரத்துக்காலைச் செதுக்கும், மிகைநீர் வழியும் கலுங்கைப் பார்க்கும், கரம்பை மண்ணை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிக்கும். அதைத்தான் குடிமராமத்து என்றார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்து கண்மாய்கள் அரசின் கைக்குப் போன பிறகு, இந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல ஊரின் கையிலிருந்து நழுவியது. அரசும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மழை. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அந்த இரண்டு மாதம் பொய்த்தால் ஆண்டே பொய்த்தது. இப்படிச் சில ஆண்டுகள் தொடர்ந்து போனதும் வாலிபப் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். உழவு நின்ற நிலத்தில் கருவை ஏறியது. ஏரும் கலப்பையும் ஆண்டுதோறும் ஓடிய வயலில் அது தலையெடுக்க முடியாது. முளைத்த உடனே புரட்டிவிடும். ஆள் விட்டுப் போன இடத்தில்தான் மரம் வந்தது என்று நான் நினைக்கிறேன். மரம் வந்ததால் ஆள் போனார்களா, ஆள் போனதால் மரம் வந்ததா என்ற கேள்வியை உன் ஆய்வின் நடுவில் வை. எந்த வீட்டில் எந்த ஆண்டு உழவை விட்டார்கள், அந்த நிலத்தில் எந்த ஆண்டு கருவை அடர்ந்தது என்று ஐம்பது வீட்டில் கேட்டு ஒரு அட்டவணை போட்டாலே பதிலில் பாதி வந்துவிடும். நான் நினைப்பது தப்பு என்று உன் அட்டவணை சொன்னால் அதையே எழுது.

இன்னொன்றையும் கவனி. நம் ஊரில் கருவை இரண்டு வகையான நிலத்தில் நிற்கிறது. ஒன்று கண்மாய், வரத்துக்கால், புறம்போக்கு. மற்றது பட்டா நிலம். பட்டா நிலத்தில் நிற்பதைப் பற்றிக் கேட்டால், "கருவை விட்டிருக்கேன்" என்று சொல்வார்கள். வயலில் கம்பு போட்டிருக்கேன், மிளகாய் போட்டிருக்கேன் என்று சொல்வது மாதிரியேதான் சொல்வார்கள். உழவுக்குச் செலவு இல்லை, தண்ணீர் வேண்டாம், ஆடு இலையைக் கடிக்காது, காவல் வேண்டாம். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு தரம் வியாபாரி வந்து மொத்தமாக விலை பேசி வெட்டிக்கொண்டு போவார். வெட்டின தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கும், கழனியில் இறங்க முடியாத கிழவிக்கும் அதுதான் வெள்ளாமை. மேலத்தெருவில் கணவனை இழந்த ஒரு பெண் மகளுக்குக் காது குத்தியதும் கருவை வெட்டின பணத்தில்தான். அந்தப் பெண்ணிடம் போய் இது நாசகார மரம் என்று சொன்னால், அப்படியானால் என் நிலத்தில் வேறு என்ன வைக்க, யார் தண்ணீர் விடுவார்கள் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு உன் அறிக்கையில் ஒரு பக்கமாவது இடம் வேண்டும்.

கண்மாய்க்குள் நிற்கிற கருவையின் கணக்கு வேறு. அங்கே அது நீர் நிற்க வேண்டிய இடத்தை அடைக்கிறது, வண்டலைப் பிடித்து மேடாக்குகிறது, மடைக்குப் போகிற வழியை மறிக்கிறது. வரத்துக்காலில் நின்றால் கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரே வராது. ஒரே மரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் ஆய்வு குழம்பிவிடும். வரைபடத்தில் இரண்டு நிறத்தில் காட்டு.

கரிமூட்டத்தை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். ஊருக்குத் தெற்கே தரிசில் இப்போதும் மூட்டம் போடுகிறார்கள். வெட்டின விறகை ஓரளவு ஒரே நீளமாகத் தறித்து, பருத்த கட்டைகளையும் சிறியவற்றையும் இடைவெளி இல்லாமல் குவியலாக அடுக்குவார்கள். மேலே தழையும் வைக்கோலும் போட்டு மூடி, அதன்மேல் ஈர மண்ணைப் பூசுவார்கள். காற்றுப் போக அங்கங்கே ஓட்டை விட்டு நெருப்பு வைப்பார்கள். உள்ளே நெருப்பு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. கனிந்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் வெள்ளையாகக் கெட்டிப் புகை வரும். அது விறகின் ஈரம் போகிற புகை. நாள் ஆக ஆகப் புகை மெலிந்து நீலம் பாயும். அப்போது கரி ஆகிவிட்டது என்று ஓட்டைகளை மண் அப்பி அடைத்து ஆறவிடுவார்கள். இராத்திரியில் எங்காவது மண் சரிந்து காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் ஒருவர் முறை வைத்து விழித்திருப்பார். சுமார் நான்கைந்து டன் விறகு எரிந்தால் ஒரு டன் கரி கிடைக்கும்.

அங்கே வேலை செய்கிறவர்களின் கையைப் பார். கருவை முள் ஏறினால் லேசில் ஆறாது, வீங்கிக் கடுக்கும். உடைந்து உள்ளே தங்கிவிட்டால் சீழ் பிடிக்கும். கண் எப்போதும் சிவந்திருக்கும், இருமல் விடாது. கரியைச் சலித்து மூடை பிடிப்பது பெரும்பாலும் பெண்கள். கையுறை, முகமூடி எதுவும் கிடையாது, முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். மரத்துக்கு என்ன நேர்கிறது, மண்ணுக்கு என்ன நேர்கிறது என்று அளக்கும் ஆய்வு, அந்தப் பெண்களின் மூச்சுக்கு என்ன நேர்கிறது என்றும் கேட்க வேண்டும். மனிதனும் சுற்றுச்சூழலும் என்ற தலைப்பில் மனிதன் முதலில் வருகிறான். அந்த மனிதன் யார் என்று உங்கள் வகுப்புக்குக் காட்ட மூட்டத்தடியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இனி தண்ணீர். காற்றின் ஈரத்தை இந்த மரம் உறிஞ்சுகிறது என்று நீ எழுதியதை ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், மேடையிலும் சொல்கிறார்கள். அதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். காலையில் வெயில் ஏறும் முன் இலை நிறைந்த ஒரு கிளையை நல்ல பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வாயை இறுகக் கட்டு. பக்கத்தில் ஒரு வேப்பங்கிளைக்கும் அப்படியே செய். உச்சி வேளையில் போய்ப் பார்த்தால் இரண்டு பைக்குள்ளும் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். மரம் காற்றுக்கு ஈரம் கொடுக்கிறது. காற்றிலிருந்து எடுத்துப் பூமியை வறட்சியாக்கவில்லை. ஆனால் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து, வேர் வழியாக. அங்கேதான் கவலைப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டிய இடத்தில், இதே இனத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் இருந்தது பதிவாகியிருக்கிறது. எல்லா மரமும் அவ்வளவு ஆழம் போகாது. ஆனாலும் மற்ற மரங்கள் வாடி நிற்கிற கோடையில் இது பச்சையாக நிற்பதற்குக் காரணம் ஆழத்து நீரை எட்டுகிற வேர்தான். உப்புத் தண்ணீரையும் தாங்கும். நம் பக்கத்தில் பல இடத்தில் நிலத்தடி நீர் உப்பு என்பது உனக்கே தெரியும். ஊர் சொல்கிற காரணம் தவறு, ஊரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல உன்னால் முடிந்தால் அதுவே இந்த ஊருக்குப் பெரிய உதவி.

கிணறுகளை அளக்கும்போது ஒன்றை மறக்காதே. கருவை நெருங்கி நிற்கிற கிணறு சிலது, கருவை இல்லாத இடத்தில் இருக்கிற கிணறு சிலது என்று எடு. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று டேப்பால் அள. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், மோட்டார் ஓடாத வேளையில் அளக்க வேண்டும். எந்தக் கிணற்றில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள். மரம் மட்டும் தண்ணீர் குடிப்பதில்லை, மோட்டாரும் குடிக்கிறது. அதை எழுதாமல் விட்டால் மோட்டார் குடித்த தண்ணீரையும் மரத்தின் கணக்கில் ஏற்றிவிடுவாய்.

மரம் எப்படிப் பரவுகிறது என்பதை உன் தோழிகள் நேரிலேயே கண்டுபிடிக்கலாம். இப்போது மரத்தடியில் மஞ்சள் நெற்று உதிர்ந்து கிடக்கிறது. இலையை முகர்ந்துகூடப் பார்க்காத ஆடும் மாடும் இந்த நெற்றைத் தேடித் தேடித் தின்கின்றன, அவ்வளவு இனிப்பு. உள்ளே இருக்கும் விதை செரிக்காமல் வெளியே வருகிறது. வயிற்றுக்குள் போய் வந்ததில் அதன் கெட்டித் தோல் இளகியும் விடுகிறது. ஆட்டுப் புழுக்கை ஒரு கூடை, மாட்டுச் சாணி ஒரு கூடை எடுத்து வந்து உடைத்து விதையை எண்ணுங்கள். இரண்டையும் தனித்தனியே மண் தட்டில் விதைத்து, மரத்திலிருந்து நேரே எடுத்த விதையையும் ஒரு தட்டில் விதைத்து, எதில் எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஊரில் எல்லோரும் ஆட்டைத்தான் குறை சொல்கிறார்கள். ஆடு மென்று அரைக்கும், மாடு அப்படியே விழுங்கும். முடிவு என்ன வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள். அதோடு கண்மாய் உள்வாய், கரை, தரிசு, உழுகிற வயலின் வரப்பு என்று நான்கு இடத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் பெரிய மரம் எத்தனை, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எவ்வளவு, நாற்று எத்தனை, வேறு செடி என்னென்ன என்று எண்ணுங்கள். கருவைக்கடியில் அறுகும் கோரையும் இருக்கிறதா இல்லையா என்பது நம் மாடுகளுக்கு முக்கியமான சேதி.

பறவைகளை விட்டுவிடாதே. நம் வட்டத்திலேயே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. இரண்டும் கண்மாய்தான். இரண்டும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றிருக்கின்றன. நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் அங்கே நிற்கிற கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. நாட்டுக்கருவேலம் இருக்கும் இடத்தில் அதில் கட்டும். அது குறைந்த கண்மாய்களில் சீமைக்கருவையிலேயே கட்டுவதும் உண்டு. ஒரே நாளில் ஜேசிபியை இறக்கி எல்லாவற்றையும் வழித்துப் போட்டால் அந்த ஆண்டு வருகிற பறவை எங்கே உட்காரும்? பூப்பூக்கும் காலத்தில் தேனீ இந்த மரத்தில் எப்படி மொய்க்கிறது என்றும் பார். இதெல்லாம் கருவைக்கு வக்காலத்து இல்லை. அகற்றுகிறவர் எந்த மாதத்தில், எந்த வரிசையில், எதை முதலில் நட்டுவிட்டு அகற்ற வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

ஆட்களிடம் கேட்பதைப் பற்றி. நீ நம் வீட்டுப் பிள்ளை என்பதால் எல்லோரும் பேசுவார்கள். அதுவே கொஞ்சம் சிக்கல், உனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். "கருவையை ஒழிக்க வேண்டுமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அப்படிக் கேட்காதே. போன ஆண்டு அடுப்புக்கு என்ன எரித்தீர்கள், சிலிண்டர் எத்தனை வாங்கினீர்கள், விறகு எங்கே பொறுக்கினீர்கள், கருவை வெட்டியதில் கடைசியாக எப்போது பணம் வந்தது, அதை எதற்குச் செலவழித்தீர்கள் என்று கேள். நடந்ததைக் கேட்டால் உண்மை தானாக வரும். ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதே. சாவடியில் ஆண்கள் ஒழிக்கணும் என்பார்கள். குழாயடியில் பெண்கள், கேஸ் தீர்ந்து போனால் அடுப்புக்கு எங்கே போவது என்பார்கள். இரண்டும் நம் ஊரின் பேச்சுதான்.

வேலைக்குப் போகிற நேரத்தில் யாரையும் நிறுத்தி வைக்காதே. அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல்தான் ஓய்வாக இருப்பார்கள், மூட்டத்துக்காரர்கள் பொழுது சாய்ந்து. வருமானத்தை முதல் நாளே கேட்காதே. கேட்காமல் போட்டோ எடுக்காதே. அறிக்கையில் யார் பெயரும் வேண்டாம். புறம்போக்கில் விறகு வெட்டியதை நம்பி உன்னிடம் சொல்கிறவருக்கு அதனால் ஒரு தொந்தரவு வந்துவிடக் கூடாது. சேரியில் இருக்கிற வீடுகளை விட்டுவிட்டு ஊருக்குள் மட்டும் கேட்டு முடித்துவிடாதே. மூட்டம் போடுவதும் விறகு வெட்டுவதும் அதிகம் நிலமில்லாதவர்கள்தான். அவர்கள் சொல்வது இல்லாத ஆய்வு பாதி ஆய்வு.

ஆவணங்களும் பார். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கும். எந்த சர்வே எண்ணில் எந்த ஆண்டு என்ன பயிர், எது தரிசு என்று அதில் தெரியும். புலப்படத்தில் வரத்துக்காலின் பழைய அகலம் இருக்கும். அதை டேப்போடு போய் இன்றைய அகலத்தோடு ஒப்பிட்டுப் பார். நம் கண்மாய் யாருடைய பொறுப்பு என்றும் தெரிந்துகொள். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். உன் பரிந்துரை யாருக்கு என்று தெரியாமல் எழுதினால் அதை யாரும் எடுத்துச் செய்ய மாட்டார்கள்.

நீதிமன்றத்தில் நடந்ததும் உன் ஆய்வுக்கு வேண்டும். கருவையை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2017இல் ஊர் ஊராக அகற்றினார்கள். அதே ஆண்டில் இதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்து இடைக்காலத் தடையும் வந்தது, பிறகு பணி தொடரவும் வழி பிறந்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்த 2017இல் நம் பக்கத்தில் சுத்தம் செய்த இடங்களை இன்றைக்குப் போய்ப் பார். தூரை விட்டுவிட்டு மேலே வெட்டிய இடத்தில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்திருக்கும். தூரோடு எடுத்துவிட்டு உழுது மிளகாய் போட்ட இடத்தில் மிளகாய் நிற்கும். நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெளியூரில் மதிப்பு இருக்கிறது என்பதால் சில பேர் திரும்பவும் ஏர் பூட்டியிருக்கிறார்கள். தூரோடு எடுத்தும் யாரும் உழாமல் விட்ட நிலத்தில் மண்ணுக்குள் கிடந்த விதை மழைக்கு முளைத்துவிட்டது. இந்த மூன்று வகை நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் உன் ஆய்வில் அதுதான் தங்கமான பகுதியாக இருக்கும். மரத்தை எடுத்தால் மட்டும் போதாது, எடுத்த இடத்தில் மனிதன் மறுபடி வேலை செய்ய வேண்டும் என்பதை யாரும் பிரசங்கம் செய்யாமலே அது காட்டிவிடும்.

இதை வேறு நாட்டிலும் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1995இல் தண்ணீருக்காக வேலை என்று ஒரு அரசுத் திட்டம் தொடங்கினார்கள். நீரைக் குடிக்கிற அயல் மரங்களை வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அகற்றச் சொன்னார்கள். அந்த மரங்களில் நம் கருவையின் இனமும் உண்டு. மரமும் போக வேண்டும், வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும் என்று இரண்டையும் ஒரே திட்டத்தில் யோசித்தார்கள். நமக்கும் அரசின் ஊரக வேலைத் திட்டம் இருக்கிறது, குடிமராமத்து என்று முன்பு அரசே நிதி ஒதுக்கிச் செய்த பணியும் உண்டு. இவற்றைக் கருவையோடு எப்படிச் சேர்ப்பது என்று நீங்கள் யோசித்து எழுதலாம்.

என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன், உன் அளவுகள் வேறு சொன்னால் இதைத் தள்ளிவிடு. முதலில் வரத்துக்கால், அடுத்து மடைவாய், அதற்கப்புறம் கண்மாய் உள்வாய் என்று தண்ணீர் போகிற வழியைப் பார்த்துத் தூரோடு எடுக்க வேண்டும். பறவை கூடு கட்டும் மூலையில் நாட்டுக்கருவேலத்தை நட்டு, அது வளர்ந்த பிறகு சீமைக்கருவையில் கை வைக்க வேண்டும். கரையில் பனை விதை ஊன்ற வேண்டும். பட்டா நிலத்தில் ஏழை விட்டிருக்கிற கருவையைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு ஈடாக வேறு வரும்படி காட்டாமல் அதைத் தொடுவது பாவம். எடுத்த விறகின் பணம் ஏலதாரரோடு போகாமல் கண்மாய்க்கே திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நீர்பாய்ச்சி ஒருவரை ஊர் மறுபடியும் வைத்து, அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆள் வைக்காத கண்மாயில் கருவை திரும்ப வரும். இது என் முடிவு.

அறிக்கையை முடித்துத் துறையில் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் ஊரில் கிராம சபை கூடும். அங்கே வந்து, நீங்கள் அளந்ததையும் எண்ணியதையும் தமிழில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி படித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் ஊர் அங்கேயே திருத்தும். சரியாக எழுதியிருந்தால் அதை வைத்துத் தீர்மானம் போடச் சொல்லி நான் எழுந்து கேட்கிறேன். மூட்டத்தடியில் உனக்கு நேரம் ஒதுக்கிப் பேசிய பெண்களையும் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார வை.

அதற்கு முன்னால் ஒரு வேலை உடனே இருக்கிறது. தீபாவளியை ஒட்டி மழை இறங்கிவிடும். மழைக்கு முந்தைய கிணற்று அளவு இல்லாமல் மழைக்குப் பிந்தைய அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் வருகிற சனி, ஞாயிறு தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கயிறும் டேப்பும் நான் எடுத்து வைக்கிறேன், நீங்கள் முள்ளுக்குத் தாங்குகிற செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தை